காரணம் என்ற கட்டம்

இடமாறுதல் படிவத்தை வைத்துக்கொண்டு நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் நில அளவையர்.

“ஏரிக்கரை ஊரையே எழுதுங்க. நல்ல காத்து, உங்க ரத்தக்கொதிப்பும் அடங்கும்,” என்றாள் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி, அன்று காலை.

“உனக்குப் பெரிய நகரம்னா உசிராச்சே?”

“எனக்காகப் பார்க்காதீங்க.”

இருபது வருஷத்தில் முதல்முறையாக விட்டுக்கொடுக்கிறாள். ஏரிக்கரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தைப் பார்த்த மேலதிகாரி நெற்றியைச் சுருக்கினார். “ஒரே ஆபீஸ்ல வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி ஒரே ஊரைக் கேட்டா சேர்த்தே போடலாம்னு விதி இருக்கேய்யா. உங்க வீட்டம்மா நேத்தே நகரம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

“இருக்காது சார். மாத்தி எழுதியிருப்பா.”

அதிகாரி அவள் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து:

‘கணவர் ஏரிக்கரைக்குப் போவதால்.’