ஒரே சட்டியில் குடித்தனம்

"நேத்தும் தனித்தனியாத்தான் படுத்தாங்க. விடிஞ்சதும் மறுபடி அடிதடி. ஒருத்தருக்கு உதடே கிழிஞ்சு போச்சு. இப்படியே போனா கொலைதான் விழும்!"

லிஃப்ட் கூண்டின் உச்சியில் உட்கார்ந்து போனில் புலம்பிக்கொண்டிருந்தான் மெக்கானிக். பக்கத்தில் ஸ்பானரோடு நின்ற கூட்டாளி காதைத் தீட்டிக்கொண்டான்.

"யாருடா அது? உங்க அண்ணனும் அண்ணியுமா?"

"மீனுடா!" என்று எரிந்து விழுந்தான் மெக்கானிக்.

மீன்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். அவை ஜோடி சேர்ந்தால்தான் இவனுக்குக் கல்யாணம். சேராவிட்டால் இவன் ஆயுசுக்கும் ஸ்பானரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

பல் டாக்டரின் கிளினிக்கில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவன், அவர் மகளிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டான். அவளுக்கும் இவன் மேல் உயிர். துணிந்து வீட்டுக்கே போய்ப் பெண் கேட்டான்.

டாக்டர் கத்தவில்லை. கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். கொழுகொழுவென்று ஒரு கோமாளி மீனும், அதை ஒட்டியே சுற்றும் பொடிசு ஒன்றும் உள்ளே இருந்தன.

"இந்த ஜோடிக்கு எங்க பொண்ணைவிட வயசு ஜாஸ்தி தம்பி. நான் ரெண்டு மீன் தர்றேன். ரெண்டும் ஒரே சட்டிக்குள்ள படுக்கணும். படுத்த அன்னிக்குச் சொல்லு, கல்யாணத் தேதி குறிப்போம்."

காபித் தம்ளரோடு நின்ற டாக்டரின் மனைவிக்கு ஏனோ புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

தொட்டி, உப்புத் தண்ணீர், மண் சட்டி எல்லாம் சீர்வரிசை மாதிரி வந்து இறங்கின. கூடவே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு கொழுத்த மீன்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். மெக்கானிக் விளக்கை மங்கலாக்கிப் பார்த்தான், சட்டியை மாற்றிப் பார்த்தான், வெட்கத்தை விட்டுக் காதல் பாட்டுக்கூடப் போட்டுப் பார்த்தான். அவையோ கண்ட இடத்தில் கடித்துக் குதறிக்கொண்டன.

கடைசியில் போனில் படம் பிடித்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினான். கடைக்காரம்மா படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த மீனு பொறக்கறப்ப எல்லாமே ஆணுதான் தம்பி. எது பெருசா வளந்து அதிகாரம் பண்ணுதோ, அது பொட்டையா மாறிடும். மாறினா மாறினதுதான். உங்கிட்ட இருக்கறது ரெண்டுமே பொட்டை. ஏழு ஜென்மம் எடுத்தாலும் சேராது!"

"அப்ப எதுதான்க்கா சேரும்?"

"ஒரு பெருசுகிட்ட ஒரு பொடிசை விடு. மொதல்ல நாலு கடி கடிக்கும். பொடிசு உடம்பை உதறி நடுங்கும். 'உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்லம்மா'ன்னு அர்த்தம். அப்புறம் சுமுகமா குடும்பம் நடக்கும்."

மெக்கானிக்கின் காதில் புகை வந்தது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல், நடக்காத காரியத்தைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார் மனுஷன்! உடனே டாக்டரின் மகளுக்குப் போன் போட்டான்.

"உங்கப்பா என்னை நல்லா முட்டாளாக்கிட்டாரு. நேரா வந்து நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கப்போறேன்."

"கேட்டா அதோட நம்ம கதை முடிஞ்சுது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? பேசாம ஒண்ணை மாத்து!"

மாற்றினான். கடைக்காரம்மா ஒரு பெருசை வாங்கிக்கொண்டு ஒரு பொடிசைக் கொடுத்தாள். பாவம், அது கடிபட்டுக் கடிபட்டு ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில், பெருசு பக்கத்தில் வந்ததும் பொடிசு மெல்ல உடம்பை உதறி நடுங்கியது. பெருசு கடிக்கவில்லை. அந்த வாரமே இரண்டும் ஒரே சட்டிக்குள் படுத்துவிட்டன. தொட்டி முன்னால் மெக்கானிக் ஆடிய ஆட்டத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

சேதி போனதும் டாக்டர், மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார். நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு இளைச்சுப் போயிருக்கே?"

"சண்டை போட்டுப் போட்டு... இளைச்சிடுச்சு சார்."

"கழுத்துப் பட்டைகூடவா? நான் குடுத்தப்ப முழுசா இருந்துது. இப்போ பாதியில நிக்குதே?"

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. டாக்டரின் மகள் போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டாள். இனி மழுப்பிப் பயனில்லை.

"மாத்திட்டேன் சார். நீங்க குடுத்தது ரெண்டும் பொட்டை. செத்தாலும் சேராது. நீங்க செஞ்சதும் தப்பு, நான் செஞ்சதும் தப்பு. ஆனா உங்க பொண்ணை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரலை. திட்டறதுன்னா திட்டிக்குங்க."

டாக்டர் நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்க மாமனார் எனக்குக் குடுத்ததும் ரெண்டு பொட்டைதான், மாப்பிள்ளை!"