ஓநாய்க் குகையில் மாட்டிய பெண்

"மனசுல பட்டதச் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதம்மா. இந்தக் கத எனக்கு வெளங்கவே இல்ல," என்றார் மீரான் பாய்.

குற்றாலத்து லாட்ஜ் ஹாலில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுஜிதாவுக்கு முகம் சுண்டிப்போனது.

இருக்காதா பின்னே? அவளுடைய முதல் நாவல். ரஷ்ய நாட்டு தேவதைக் கதை ஒன்றைத் தன் போக்கில் வளைத்து, பனிக்காடும் பேசும் ஓநாயுமாக உயிரை விட்டு எழுதியது. அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுக்காமல், அப்படியே வாசகர் வட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள். இவர்கள் நல்லாயிருக்கு என்றால் இரண்டாம் பாகம், இல்லையென்றால் எழுத்துக்கே ஒரு கும்பிடு என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அதுவரைக்கும் எல்லாம் அமோகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சீசன் நேரம். கூட்டம் முடிந்தால் நேரே ஐந்தருவி என்று பாதிப் பேர் துண்டோடு வந்திருந்தார்கள். வட்டத்தின் தலைவி தங்கபுஷ்பம் டீச்சர், ஓநாய்க் குகையிலிருந்து கதாநாயகி தப்பிக்கிற அத்தியாயத்தைப் படித்து அழுதே விட்டதாகச் சொன்னார். பேங்க் ஜோயல், அந்த ஒரு அத்தியாயத்துக்கே விருது கொடுக்கலாம் என்றார். வக்கீல் மணிமுத்துவுக்கு அந்த இடத்தில் புல்லரித்ததாம். சுஜிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் எழுந்தார் மீரான் பாய். புளியறையில் பெரிய மரக்கடை முதலாளி. மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராது என்று வட்டத்தில் பேர்.

"ஓநாய் அந்தப் பிள்ளையக் குகைக்குள்ள இழுத்துட்டுப் போவுது. வாயத் தொறக்குது. நமக்கு நெஞ்சு அடிச்சுக்கிடுது. பக்கத்தத் திருப்புனா, அவ மாலையும் கழுத்துமா கல்யாணத்துல நிக்குதா. எப்படித் தப்பிச்சா? படிக்கவன் என்ன கிறுக்கனா?"

"அது ஃபேன்டஸி பாய். அப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் புரியாது," என்றார் டீச்சர் சிரித்தபடி.

"புரியலன்னுதான டீச்சர் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒறக்கமே வரல. வீட்ல அலிமா, யாவாரத்துல நட்டமான்னு கேக்குதா. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எங்க ஒறங்க?"

ஹாலே சிரித்தது. சுஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பிக்கிறதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறாளே. டீச்சரை அழவைத்த அத்தியாயம் இவர் கண்ணில் மட்டும் படாமலா போகும்? படிக்காமலே குறை சொல்ல வந்துவிட்டார், பெரிய மனுஷன்.

"உங்க புத்தகத்தத் தாங்க பாய். அந்த எடத்த நானே வாசிச்சுக் காட்டுதேன்."

கொடுத்தார். ஓரமெல்லாம் மடங்கி, டீக்கறையோடு இருந்தது. விறுவிறுவென்று புரட்டினாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஓநாய் வாயைத் திறந்தது. அடுத்த தாள், நூற்றுப் பதின்மூன்று. அந்த அத்தியாயத்தையே காணோம். பைண்டிங்கில் கோக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தப்பு கதையில் இல்லை. பாவம், இவர் காப்பிதான் கோளாறு.

"மன்னிச்சிருங்க பாய். டீச்சர், உங்க காப்பியக் குடுங்க, பாய்க்கு வாசிச்சுக் காட்டிருதேன்."

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பைக்குள் கைவிட்டு, துண்டுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புத்தம் புதிதாக இருந்தன. சுஜிதா பிரித்தாள்.

தொண்ணூற்றாறு. நூற்றுப் பதின்மூன்று.

ஜோயலுடையதை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதே. மணிமுத்து தன்னுடையதை மெல்லத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். சுஜிதா பின்னட்டையைத் திருப்பினாள். 'ஓநாய்க் குகையிலிருந்து அவள் தப்பிக்கும் அத்தியாயம் உங்களைக் கண்கலங்க வைக்கும்' என்று பதிப்பாளர் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

சுஜிதாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நாற்காலியை மீரான் பாய் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவ தப்பிச்சிட்டா பாய். எப்படின்னு சொல்லுதேன், கேளுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று பெருமூச்சு விட்டார் மீரான் பாய். "இன்னைக்கு நான் ஒறங்கிருவேன்."