சுருட்டையின் கழுத்து

செத்துப்போன முட்டுக்கிடாவின் மூளையைப் பதிவெடுத்துக்கொண்டு போன கம்பெனி, அதை விலங்குச் சண்டை வீடியோ விளையாட்டின் நான்காம் பாகத்தில் இறக்கியது. அங்கே அதன் பெயர் இடியன். வளர்த்த முத்துப்பேச்சிக்கு அது சுருட்டை.

அவள் கணவன் தவசி மைக்கைத் திறந்துவைத்து டிவியில் விளையாட்டைப் போட்டான். திரையில் கிடா ஒரு ஓநாயை முட்டி மடக்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சியால் சும்மா இருக்க முடியவில்லை.

"சுருட்டை! வாடா என் தங்கம்!"

கிடா சண்டையை அப்படியே விட்டுத் திரும்பியது. சொறிந்துவிடச் சொல்லிக் கழுத்தை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடிவந்தது. அந்தக் கழுத்தை ஓநாய் கவ்வியது.

"ஜெயிச்சுக்கிட்டுதானடி இருந்தான், ஏன் கூப்பிட்ட?"

"ஒரு மாசமாச்சுய்யா அவனப் பாத்து."

எங்கிருந்தோ ஓநாயாக ஆடியவன் மைக்கில் சிரித்தான். "அக்கா, இன்னொரு தடவ கூப்பிடுங்க!"

அவள் குரல் பதிவாகி ஊரெல்லாம் பரவிவிட்டது. இடியனோடு மோதுகிறவர்கள் முதலில் அதைத்தான் போடுகிறார்கள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் அவளே கூப்பிடுகிறாள். கிடா ஒவ்வொரு முறையும் நம்பித் திரும்புகிறது.

முத்துப்பேச்சி இப்போது யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. தவசியைச் சாப்பிட அழைக்கக்கூடப் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிறாள்.