ஆளில்லாத காடு

"உன் காடு பொழச்சுக்கிச்சு, அய்யாவு. ஆனா இனிமே நீயும் உள்ள போவ முடியாது."

காட்டிலாகாவில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் கடிதத்தை மேசைமேல் வைத்தார். யோங் பெங்குக்கு அப்பால் இருந்த அந்த மலைக்காட்டை ரப்பர் போடக் கேட்ட கம்பெனிக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. இனி கோடரியோ துப்பாக்கியோ உள்ளே போகாது. மனிதக் காலே படக்கூடாது என்று உத்தரவு. எல்லையைச் சுற்றிக் காவல்.

அய்யாவு தலையாட்டினான். மூவாரில் சின்னப் படக்கடை அவனுக்கு. கல்யாண ஜோடிகளையும் கைக்குழந்தைகளையும் படம் பிடித்துப் பிழைப்பவன். ஐந்து வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு, கேமராப் பெட்டியோடும் கண்ணாடித் தகடுகளோடும் அரிசி, உப்பு, தீப்பெட்டியோடும் அந்தக் காட்டுக்குப் போய்வந்தான். உடம்பெல்லாம் அட்டைக்கடி. 'காட்டையே கட்டிக்கிட்டான்' என்று கேலி பேசினார்கள். பெண் கொடுக்க வந்தவர்களும் நாளடைவில் நின்றுபோனார்கள்.

கம்பெனி ஆட்கள் அளவெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் நாற்பது படங்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து காட்டிலாகாத் துரையின் மேசையில் பரப்பினான். பனி இறங்கும் பள்ளத்தாக்கு, பாறையில் சிதறும் அருவி, ஆறு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்த அந்தக் காட்டைத் துரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மனித வாடையே படாத இடம் என்று எழுதி, படங்களை மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த வார்த்தைதான் காட்டைக் காப்பாற்றியது.

அய்யாவுவின் முகத்தைப் பார்க்க ஜெயபாலனுக்குப் பாவமாக இருந்தது. "கடைசியா ஒரு தடவ போய்ட்டு வாலா. துரைகிட்ட நான் சொல்றேன். காவலாளு ஒருத்தன் கூட வருவான்."

அய்யாவு கடிதத்தை மடித்து ஜெயபாலன் பக்கமே தள்ளினான்.

"வேணாங்க. யாரும் போவாம இருந்தாலே போதும்."

பஸ் பிடித்து ஊர் திரும்பி, கடைக்கதவைச் சாத்திக்கொண்டான். போன மாதம் எடுத்த பெரிய மரத்தின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு அரிசி வாங்க வேண்டியதில்லை என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்திழுத்த, கூலிகளை வேலை வாங்கும் தண்டலை அடித்துக் கொன்றுவிட்டு, தூக்குக்குத் தப்பி அந்தக் காட்டுக்குள் ஓடியவன் அவன் தம்பி செல்லப்பன். "மரத்துக்குப் பின்னால போய்ட்டேண்ணே, எடு" என்று அவன் குரல் கொடுத்த பிறகுதான் அய்யாவு ஒவ்வொரு படத்தையும் எடுத்திருந்தான்.