சத்தம் வராத மெஷின்

"விலை கிடக்கட்டும் அண்ணே. சத்தம் வரக் கூடாது, அதுதான் முக்கியம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டூல்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். பவர் எவ்வளவு, வாரண்டி உண்டா என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறார். முப்பது வயது மதிக்கத்தக்க இந்த ஆளோ, மழிக்காத முகமும் கையில் ஒரு துணிப்பையுமாக வந்து சத்தத்தைப் பற்றிப் பேசுகிறான்.

"வீல் நட்டு கழட்டுற மெஷின் தம்பி இது. இரும்பை இரும்பு அடிச்சுத்தான் சுத்தும். கொஞ்சம் கத்தத்தான் செய்யும்" என்று சொல்லி, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் இரண்டை எடுத்து வைத்தார். "லாரிக்கா, காருக்கா?"

"காருக்கு."

"அப்போ இந்தச் சின்னதே போதும். ஒர்க்‌ஷாப் எங்க வெச்சிருக்கீங்க?"

"ஒர்க்‌ஷாப் எல்லாம் இல்லை."

கடைக்காரர் மேஜை ஓரத்தில் முறுக்கி வைத்திருந்த பழைய நட்டில் மெஷினை வைத்து அழுத்தினார். கடகடவென்று கடையே அதிர்ந்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"இது இல்லை. இது தெருவையே எழுப்பிடும்."

அடுத்ததை ஓட்டிக் காட்டினார். அதற்கும் தலையாட்டி மறுத்தான். பிறகு அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். பைக்குள் விட்டு, அடங்குகிறதா என்றும் பார்த்தான்.

"ஒரு சார்ஜுல இருபது நட்டு கழலுமா அண்ணே?"

"தாராளமா. மாட்டும்போதுதான் கவனமா இருக்கணும். முழுசா மெஷினாலயே இறுக்கிடாதீங்க, கடைசித் திருகு கையால..."

"மாட்டுற வேலை இல்லை. கழட்டினாப் போதும்."

கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சக்கரத்துக்கு ஐந்து நட்டு, நான்கு சக்கரத்துக்கு இருபது.

பார்வை தானாகத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸுக்குப் போனது. போன மாதம், இரண்டு தெரு தள்ளி நடந்தது அது. அந்தத் தெருக்காரன் ஒருவனின் மனைவிக்கு விடியற்காலையில் பிரசவ வலி எடுத்திருக்கிறது. காரை எடுக்க ஓடி வந்தவன் கண்டது, செங்கல் மேல் நின்ற வண்டியை. நான்கு சக்கரத்தையும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அக்கம்பக்கத்தில் ஒருவர் காதிலும் சின்னச் சத்தம்கூட விழவில்லையாம். 'திருடனைப் பற்றித் தெரிந்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள்' என்று கீழே ஒரு போன் நம்பர்.

யாரோ கொடுத்துவிட்டுப் போன அந்த நோட்டீஸைத் தூணில் ஒட்டியது கடைக்காரரின் மகள். அவளும் மாசமாக இருப்பவள். அழுதுகொண்டேதான் ஒட்டினாள். "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!" என்று கடைக்காரர் அன்று பல்லைக் கடித்தார்.

இதோ, கிடைத்துவிட்டான். அடப் பாவி! பட்டப்பகலில், கடைக்கே வந்து, அடுத்த வண்டிக்குச் சாமான் கேட்கிறானே!

அந்த ஆளும் நோட்டீஸைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்!

கடைக்காரருக்குப் பயம்தான். இருந்தாலும் ஆளை விட்டுவிடக் கூடாது. எதையாவது பேசி உட்கார வைக்க வேண்டும்.

"சத்தமே இல்லாதது ஒண்ணு இருக்கு தம்பி. எண்ணெய்க்குள்ள அடிக்கிற மாடல். பக்கத்துல படுத்திருக்கிறவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான்."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "காட்டுங்க."

"இப்போ கையில இல்லை. இந்த ஊருக்கே ஒரு பீஸ்தான் வந்தது."

"யார் வாங்கினா?"

கேட்கிற வேகத்தைப் பார்! தூண்டிலைக் கவ்விவிட்டான் என்று கடைக்காரர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

"வெளியாள் இல்லை, எங்க மாப்பிள்ளைதான். சின்னதா டயர் கடை வெச்சிருக்கார். ராத்திரி வேலை செஞ்சா அக்கம்பக்கத்துல யாருக்கும் தூக்கம் கெடக் கூடாதாம். அப்படி ஒரு தங்கமான மனுஷன்!" பயத்திலும் மாப்பிள்ளை புராணத்தை அவரால் விட முடியவில்லை.

"எப்போ வாங்கினார்?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அவன் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "அந்த மெஷினை நான் பார்க்கணுமே அண்ணே" என்றான் பிறகு.

"அதுக்கென்ன? போன் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்றேன். நீங்க உட்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். போலீசுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குச் சொல்வதுதான் நியாயம். தினமும் பார்த்து மனப்பாடமாகிவிட்ட அந்த நோட்டீஸ் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது. கடைக்குள்ளும் ஏதோ ஒரு போன் அடித்தது. இருந்த படபடப்பில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஹலோ, உங்க வண்டிச் சக்கரத்தைத் திருடினவன் மாட்டிக்கிட்டான்! உடனே என் கடைக்கு வாங்க!" என்றார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"வந்துதான் உட்கார்ந்திருக்கேன் அண்ணே. சத்தம் வராத அந்த மெஷின் யார்கிட்ட இருக்குன்னு கடை கடையா அலைஞ்சவன் நான்தான்" என்றது குரல், போனிலும் கதவுக்கு அந்தப் பக்கத்திலும் ஒன்றாக. "மாப்பிள்ளை எப்போ வருவார்?"