கணக்கு சாரின் கூட்டல்

கணக்கு சாருக்குக் கூட்டல் வராது. அதற்கு டீச்சரிடம் பதினோரு சாட்சிகள் இருந்தன, பதினொன்றும் விடைத்தாள்கள். இருபத்தொன்பது வர வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து. முப்பத்திரண்டு வர வேண்டிய இடத்திலும் முப்பத்தைந்து. எப்படிக் கூட்டினாலும் மனிதருக்கு அது பாஸ் மார்க்கில்தான் போய் நின்றது.

பள்ளிக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. "சாரோட கால்குலேட்டர்ல முப்பத்தஞ்சுக்குக் கீழ பட்டனே கிடையாது" என்பார் டிரில் மாஸ்டர். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளும் கணக்குதான் எடுக்கிறாள். போன மாதம் கல்வி அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிப் போட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமை காலையில் வீட்டில் தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு சார், மேசை மேலேயே தலையைச் சாய்த்தார். அப்புறம் நிமிரவில்லை. ஓய்வு பெற இன்னும் நாலே மாதம் இருந்தது.

அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் யாரும் டீச்சரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரில் மாஸ்டர் மட்டும் அவள் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போனார்.

இப்போது அவள் கணக்கு சாரின் வீட்டில், அவருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிச்சத் தாள்களை வாங்கி வர ஹெட்மாஸ்டர் அவளைத்தான் அனுப்பியிருந்தார். "நாளைக்கு இரங்கல் கூட்டம். அப்படியே சாரைப் பத்தி நாலு விஷயம் கேட்டுக்கிட்டு வாங்க, பேசறதுக்கு ஆகும்" என்றும் சொல்லியிருந்தார். வேண்டுமென்றே அனுப்பினாரோ என்னவோ.

சாரின் மனைவி தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாரைப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா."

"என்னத்தைச் சொல்ல? ஒரு நாள் லீவு போட்டதில்ல. படிப்பு ஏறாத பசங்களைக் காலைல அஞ்சரைக்கே இங்க வரவெச்சு சொல்லிக்கொடுப்பாரு. வராதவன் வீட்டுக்கு சைக்கிள்ல போய் எழுப்பிக் கூட்டிக்கிட்டு வருவாரு."

"வீட்டுல எப்படிம்மா?"

"ஒரு வருஷம் நான் படுத்த படுக்கையாக் கிடந்தேன். சமையல், துணி எல்லாம் அவர்தான். பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. கோணல் மாணலாத் தலை பின்னி விடுவாரு. அவ கண்ணாடியைப் பார்த்து அழுதா, அவிழ்த்துட்டு மறுபடி முதல்லேர்ந்து பின்னுவாரு. எனக்குச் சோறு ஊட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவாரு."

யாரோ ஒருவருடைய நன்னடத்தைச் சான்றிதழை வாசிப்பதுபோல் இருந்தது அவர் சொன்ன விதம். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. அழுது அழுது வற்றிப்போயிருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

கட்டின் மேலே இருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். பாதிதான் திருத்தியிருந்தார். ஒரு தப்பான விடைக்குப் பக்கத்தில் 'வழி சரி' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மார்க் போட்டிருந்தார். வழியும் தப்புதான். டீச்சருக்குக் கண் கரித்தது.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"கடிதம் எழுதினது நீங்கதானே? தெரியும்."

டீச்சர் கையிலிருந்த தாளைக் கட்டின் மேலேயே வைத்தாள்.

"உங்க மேல கோபமே படல அவரு. 'அந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு தப்பும் இல்ல, அந்த வயசுல நானும் அப்படித்தான் இருந்தேன்'னாரு. அவருக்கு நெஞ்சு வலி பல வருஷமா இருந்தது. உங்களால சாகல. அதை மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க."

"சாரா? சாரா என்னை மாதிரி இருந்தாரு?"

"'அரை மார்க்'னு பசங்க பட்டப்பேரே வெச்சிருந்தாங்க. கழுத்தை நெரிச்சாலும் அரை மார்க் கூடுதலாப் போட மாட்டாரு."

"அப்புறம் எப்படிம்மா மாறினாரு?"

சாரின் மனைவி அடுக்குவதை நிறுத்தினார்.

"இருபது வருஷம் ஆச்சு. ஒரு பையன் முப்பத்திநாலு எடுத்தான். ஒரே ஒரு மார்க் போடுங்கன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினான். 'கேட்டு வாங்கினா அது மார்க் இல்லடா, பிச்சை'ன்னு துரத்திவிட்டுட்டாரு. போன பையன் வீடு திரும்பல. மறுநாள் ஏரியிலேர்ந்துதான் எடுத்தாங்க. பதினஞ்சு வயசு."

தெருவில் ஒரு பால்வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"அன்னியிலேர்ந்து ஒருத்தரையும் பெயில் போட்டதில்ல. தூக்கத்துல கூட முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சுன்னு உளறுவாரு."

டீச்சர் தன் கடிதத்தின் வரிகளை நினைத்துப் பார்த்தாள். ஒரு கூட்டல் பிழை விடாமல் எழுதிய கடிதம். ஒரு மனிதர் இருபது வருஷமாகத் தினம் தினம் செத்துக்கொண்டிருந்தது அதில் எங்கேயும் இல்லை.

"இவ்வளவு பண்ணியிருக்காரே... அந்தப் பையனோட அம்மா சாரை மன்னிச்சாங்களா?"

சாரின் மனைவி கட்டைச் சுற்றிக் கயிற்றை இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார். அதை டீச்சரின் கையில் கொடுத்தார்.

"கடைசி வரைக்கும் நான் மன்னிக்கலைம்மா."