மாவட்டச் செயலாளரின் மீசை

மாவட்டச் செயலாளரின் பிறந்தநாளுக்கு வானத்தையே வளைத்துப் பிடித்துவிட்டார்கள். தூத்துக்குடி உப்பளங்களுக்கு மேலே, செயற்கை மேகத்தில் செய்த அவருடைய முகம் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

பட்டுராஜா மேகம் பார்த்துப் பிழைப்பவர். மேகம் கோபுரம்போல எழும்பி அடி கறுத்தால், உப்பு அம்பாரத்தை உடனே தார்ப்பாயால் மூடியாக வேண்டும். அன்று அம்பாரத்தில் கிடந்தது கோடை முழுவதும் அவர்கள் பட்ட பாடு.

“ஏங்க, மேக்க கறுக்குது. மூடிருவமா?” என்றாள் மனைவி செல்வக்கனி.

பட்டுராஜா அண்ணாந்து பார்த்தார். “அது மீசைளா. மத்தியானம் சாயம் ஏத்துவோம்னு மைக்குல சொன்னாம்லா.”

“மீசை இம்புட்டு வேகமாவா வளரும்?”

“கட்சிக்காரன்லா. அவனுக்கு எல்லாம் வேகமாத்தான் வளரும்.”

சிரித்து முடிப்பதற்குள் மழை கொட்டியது. அந்த முகத்துக்குப் பின்னால் நிஜ மேகம் திரண்டு நின்றிருக்கிறது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவதற்குள் பாதி உப்பு கரைந்தது. மீதியில் மீசைச் சாயம் இறங்கி, சாக்கடைச் சேறுபோல ஆகிவிட்டது.

மழை விட்டதும் வெள்ளை வேட்டிக்காரர்கள் சிலர் வரப்பில் ஓடி வந்தார்கள். நஷ்டத்தை விசாரிக்கத்தான் வருகிறார்கள் என்று பட்டுராஜா எழுந்து நின்றார்.

முன்னால் வந்தவன் வானத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “அய்யோ, அண்ணன் மூக்கு போச்சே!”

பிறகு அம்பாரத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிக் கத்தினான்:

“ஏ, இந்த உப்பு வீணாத்தாம் போச்சு. வழிச்சுத் தள்ளிட்டு, மேகம் விடுத மிசின இங்கனயே வைங்கல!”